எழுத்தாளரும் சிந்தனையும்: தாகூரை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த்துறைகளில் ஒரு படைப்பாளியின் பெயரில் தொடங்கிச் ‘சமுதாயச் சிந்தனைகள்’ என முடியும் ஆய்வுத் தலைப்புகள் பல. அவ்வாய்வுகளில் பெண்ணுரிமை, சாதி ஒழிப்பு, நாட்டுப்பற்று எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின்கீழும் எழுத்தாளரின் கூற்றுகள் தொகுக்கப்பெறுகின்றன. தொகுத்தல் பயனுடையதே. ஆயினும் கூற்றுகளின் தொகையே சிந்தனை ஆகுமா என்னும் வினா எஞ்சுகின்றது. நல்ல கருத்துடையோர் அனைவரும் சிந்தனையாளர் அல்லர். எழுத்தாளர் எந்நிலையில் சமுதாயத்தின் சிந்தனையாளர் ஆகிறார் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

புலவர் மரபு

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை யானை உவமையால் உணர்த்துகிறார் (புறம். 184). மலையமான் மக்களைக் கொல்லத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்துரைக்கிறார் (புறம். 46). அதிகாரத்திற்கு அறம் உரைத்தலைப் புலமையின் கடனாக நம் மரபு கொண்டமைக்கு இவை சான்றுகள். ஆனால் இப்பாடல்களில் கேட்போர் ஒருவர்; அவர் அரசர். அச்சும் இதழும் பரவிய பின்னர் எழுத்தாளர்முன் நிற்பது மக்கட்பரப்பு. அதில் மாற்றார் மட்டுமன்றித் தம் அணியினரும் உளர். மாற்றார் குற்றத்தை எடுத்துரைக்கத் துணிவு போதும்; தம்மவர் குற்றத்தை எடுத்துரைக்கத் துணிவோடு தன்னாய்வும் வேண்டும்.

தாகூரின் தன்னாய்வு

இதற்கு இரவீந்திரநாத் தாகூர் சிறந்த சான்று. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கத்தில் அவர் முன்னின்றார், பாடல்கள் இயற்றினார், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக இராக்கி கட்டும் நிகழ்வை முன்னெடுத்தார். பின்னர் அவ்வியக்கத்தினின்று விலகினார். 1916இல் நூலாக வெளிவந்த ‘கரே பாயிரே’ (வீடும் வெளியும்) நாவலில் அக்காலத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கிறார்.

அந்நாவலில் அயல்நாட்டுத் துணி எரிக்கப்படும்போது இழப்பு பஞ்சு என்னும் ஏழைச் சிறு வணிகனுக்கே நேர்கின்றது. நிலக்கிழாரான நிகிலேஷ், ஏழைகளின் பிழைப்பைக் கருதித் தம் சந்தையில் அயல்நாட்டுப் பொருள்களைத் தடைசெய்ய மறுக்கிறார். அவரைச் சிந்தனையாளராகவும் சந்தீப்பை வெறும் தீயவனாகவும் காட்டியிருப்பின் நாவல் ஓர் அறிக்கையாகவே சுருங்கியிருக்கும். தாகூர் அவ்வாறு செய்யவில்லை. பிமலா, நிகிலேஷ், சந்தீப் மூவரும் தத்தம் கதையைத் தாமே கூறுகின்றனர். சந்தீப்பின் சொல்வன்மையில் பிமலா மயங்குவதற்கான காரணம் வாசகர்க்கும் விளங்குகின்றது. ஒருகாலத்தில் இயக்கத்திற்குப் பாடல் தந்தவர் தாகூர். ஆதலின் அம்மயக்கத்தை ஆராய்தல் தம்மையே ஆராய்தலாகின்றது. மறுக்க விரும்பும் தரப்புக்கும் முழுக்குரல் அளித்தலே இங்குச் சிந்தனையின் வடிவம்.

எதிர்வாதங்கள்

இந்நாவலைக் காந்தியடிகளுக்கு எதிரான துண்டறிக்கை என 1922இல் ஜார்ஜ் லூகாச் கடிந்தார். காந்தியடிகள் தேசிய இயக்கத்தின் தலைமையை ஏற்பதற்கு முன்பே நாவல் எழுதப்பட்டதாதலின் அவ்வாதம் பொருந்தவில்லை. தாகூர் ஆட்சியாளர்க்கு இணங்கியவர் என்பதும் ஏற்புடையதன்று. ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து 1919இல் அவர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார்.

1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் போக்கையும் இராட்டை வழிபாட்டையும் தாகூர் வினவினார். அவ்வாண்டே காந்தியடிகள் யங் இந்தியா இதழில் அவரை மாபெரும் காவலர் எனப் போற்றி, பசித்தோர்க்கு முதலில் வேண்டுவது உழைப்பும் உணவும் என மறுமொழி தந்தார். நிலக்கிழார் குடியில் பிறந்த கவிஞர்க்கு அம்மறுமொழி புறந்தள்ளத் தக்கதன்று. சிந்தனையாளர் எப்போதும் சரியாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அவர் எழுப்பும் வினா மற்றவரையும் ஆழ்ந்து எண்ணச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

எழுத்தாளரின் சிந்தனை அவர்தம் முடிவுகளில் மட்டும் இல்லை. அம்முடிவுகளை அடையுமுன் தம்மோடும் தம்மவரோடும் அவர் நிகழ்த்திய போராட்டத்தில் உள்ளது. ஆதலின் ‘என்ன கூறினார்’ என்பதோடு, ‘எதனை மறுத்துக் கூறினார், அம்மறுப்பில் தம்மையும் உட்படுத்தினாரா’ என ஆய்வாளர் வினவுதல் வேண்டும். அவ்வினா இன்றேல், ஆய்வேடு கருத்துகளின் பட்டியலாக நிற்கும். சிந்தித்த மனிதரை அதில் காண இயலாது.