சங்கத்தில் சேராதவர்

சாவு வீட்டுக்குப் போவதை நாம் 'துக்கம் கேட்பது' என்கிறோம். துக்கத்தைச் சொல்ல ஒருவர் இருந்தால், கேட்க ஒருவர் வேண்டும். அப்போதுதான் பாரம் குறையும். நம் பெரியவர்கள் கண்ட அனுபவம் இது. அப்படியிருக்க, ஒரே துன்பத்தைச் சேர்ந்து அனுபவித்தவர்கள் கூடும் இடத்துக்கு ஒருவர் மட்டும் போகாமல் ஒதுங்கி நின்றால், அவரை என்னவென்று நினைப்பது? கர்வி என்றா, நன்றி மறந்தவர் என்றா, எதையோ மறைக்கிறவர் என்றா?

தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் 1963 முதல் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்தது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் பெயருக்கு முன்னால் பழைய பதவியைப் பொறித்த வாயிற்கதவுகள் கண்ணில் படும். ஓய்வு பெற்ற இந்தப் படைவீரர்களுக்குச் சங்கங்கள் உண்டு, ஆண்டுக் கூட்டங்கள் உண்டு, டிசம்பர் 7-இல் கொடிநாள் உண்டு. ஆனால் சிலர் எதிலும் தலைகாட்டுவதில்லை.

எளிதில் விளங்கும் காரணங்கள் சில உண்டு. சீருடையைக் கழற்றி இருபது வருஷம் ஆன பிறகும் கூட்டத்தில் நாற்காலிகள் பதவி வரிசையில்தான் போடப்படுகின்றன என்பது ஒருவர் குறை. பட்டறையிலும் பண்டகசாலையிலும் வேலை பார்த்த இன்னொருவருக்கு, துப்பாக்கி தூக்கியவர்கள் நடுவே தமக்கென்ன கதை என்ற கூச்சம். பதினைந்து வருஷச் சேவை முடித்து முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பும் சிப்பாய்க்கு அதன்பின் முழுதாக ஒரு வாழ்க்கை பாக்கியிருக்கிறது. பழைய வாழ்க்கையின் வாசலிலேயே அவன் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? இவற்றுக்குச் சமாதானம் வேண்டியதில்லை. சமாதானம் கிடைக்காத காரணம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. முதலில் பூமாலை விழுந்தது; அக்டோபரில் போர் மூண்டது. அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் மடிந்தார்கள். போர் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் அந்த மண்ணில் உயிரை விட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைக்கு வந்தபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டில் பலருடைய மனமும் அன்று அப்படித்தான் இருந்தது.

அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஒரு வங்கியின் வாசலில் பல வருஷம் காவல் இருந்தவர். "பேரைப் போடாதீங்க சார், விஷயத்தை எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் அவரை மொழிபெயர்க்க நிறுத்தினார்களாம். ஒரு நாள் மகனைத் தேடி வந்த கிழவி ஒருத்தி, அவர் வாயில் தமிழைக் கேட்டதும், "தம்பி தமிழோ?" என்றாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவரைப் பார்த்து என்னவோ சொன்னாள். "என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றார் இவர்.

"அவ சொன்னதை இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல சார். சங்கத்துக்குப் போனா, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா அங்க வீரத்தைத்தான் பேசுவாங்க. வெளியே வந்தா, எங்களைத் துரோகின்னு பேசுவாங்க. ரெண்டு பேச்சுலயும் அந்தக் கிழவி இல்ல."

கதை எழுதுகிறவன் என்ற முறையில், அந்தக் கிழவி என்ன சொன்னாள் என்று கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை.

போரில் விழுந்தவனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு துறைகளாக வகுத்துவைத்தது தொல்காப்பியம். வென்று வந்தவனுக்குப் பரணி பாடினோம். வென்றோமா தோற்றோமா என்று சொல்லத் தெரியாமல், காதில் ஒரு குரலோடு திரும்பி வந்தவனுக்கு நம்மிடம் என்ன துறை இருக்கிறது? பாரதப் போரை வென்ற தருமனே சிம்மாசனம் வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்றான். அவனைத் தேற்றப் பீஷ்மர் அம்புப் படுக்கையிலிருந்து ஒரு சாந்தி பர்வமே சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் வாய்மூடி ஒதுங்கிவிட்டால், மெருகேறிய கதை ஒன்றே சரித்திரமாக நின்றுவிடாதா? கண்டதைச் சொல்வது அவர் கடன் அல்லவா? நெடுநாள் இதை யோசித்தேன். உண்மை சொல்லும் கடன் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனில் முதல் பங்கு, அவரை அங்கே அனுப்பிய அரசுக்கும், அவர் திரும்பி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊருக்கும் உரியது. தம் பங்கைத் தீர்க்காதவர்கள், கடைசிப் படியில் நின்ற சிப்பாயின் மடியைப் பிடித்து இழுப்பது நியாயமாகாது.

சங்கத்தையும் நான் குறை சொல்லவில்லை. எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் உட்கார்ந்திருக்க, எத்தனையோ பேருக்கு உலகில் உள்ள ஒரே இடம் அதுதான். ஓய்வூதியத்துக்காக வாதாடுவதும் அதுதான். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு ஆகாமல் போகலாம். அதற்காக மருந்தையும் பழிக்க வேண்டாம், நோயாளியையும் பழிக்க வேண்டாம்.

கூட்டத்துக்குப் போகாதவர் கடமையிலிருந்தும் விலகிவிட்டாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவரோடு யாழ்ப்பாணம் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி முடிச்சூர்ப் பக்கம் இருக்கிறார். ஒவ்வொரு நவம்பரிலும், தாம் உயிரோடிருப்பதாக அந்த அம்மாள் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் வரும். அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போய், படிவத்தை நிரப்பி, கைரேகை விழாத விரலைத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்லி, வேலை முடியும் வரை நின்று, வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர் இவர்தான். வழியில் இருவரும் யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையாம்.