கொள்ளிக் கடனும் குடிவரவு விண்ணப்பமும்

இலண்டனில் வாழும் எம்மவர் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். சட்டத்தரணியிடம் போனால் அதற்கு ஒரு வரியில் பதில் கிடைத்துவிடும். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாணவர் விசாவில் வந்த ஓர் இளைஞர், இங்கு நிரந்தர வதிவிட உரிமையுள்ள எம்மவர் பெண் ஒருவரைத் திருமணம் முடித்து, அந்தத் திருமணத்தின் அடிப்படையில் இங்கு தங்குவதற்கு விண்ணப்பித்திருக்கிறார். மாணவர் விசாவின் காலம் முடிந்துவிட்டது. உள்நாட்டு அமைச்சின் முடிவு இன்னும் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வருகிறது. அம்மாவுக்குக் கடுமை, உடனே வரவேண்டும் என்கிறார்கள். இவர் வீட்டில் கடைசி மகன். எமது வழக்கத்தில் தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது முறை. போவதா, விடுவதா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிரித்தானியக் குடிவரவு விதிகளின் 34கே பந்தியின்படி, இங்கு தங்குவதற்கான விண்ணப்பத்துக்கு முடிவு வருமுன் விண்ணப்பதாரி பொதுப் பயணப் பிரதேசத்தை விட்டு வெளியேறினால், வெளியேறிய அன்றே அந்த விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, மான் தீவு, கால்வாய்த் தீவுகள் ஆகியனவே அந்தப் பிரதேசம். (அயர்லாந்துக்குப் போக இலங்கைக் கடவுச்சீட்டு உடையவருக்குத் தனியாக விசா வேண்டும் என்பது வேறு விடயம்.) பாரிஸில் மச்சாளின் கலியாணத்துக்குக் காலை ரயிலில் போய் இரவு திரும்பினாலும் அது வெளியேறியதுதான். தாயின் மரணப் படுக்கைக்குப் போவதற்கும் லாச்சப்பலில் சேலை வாங்கப் போவதற்கும் விதியில் வித்தியாசம் இல்லை.

இதைவிடக் கனமானது 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு. விசா முடியுமுன் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய உரிமையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பிரிவு. விசாக் காலம் முடிந்து, 3சி பிரிவின் நிழலில் இருப்பவர் நாட்டைவிட்டுக் கிளம்பியதும் அந்த உரிமை அற்றுவிடும். பழைய விசாவில் இன்னும் நாட்கள் மீதமுள்ளவர் திரும்பி வந்து மறுபடியும் விண்ணப்பிக்க வழியுண்டு. மீதமில்லாதவர் இலங்கையிலிருந்தே வாழ்க்கைத்துணை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து இருப்போருக்கு இந்தத் தடை கிடையாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, போகக்கூடியவர் போகாமலும் போகக்கூடாதவர் போயும் அல்லற்படுவதை எமது சமூகத்தில் காண்கிறோம்.

இந்த விதியில் புதிதாக ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டும் க்ரொய்டனுக்குப் போய்விடும். பயணத்துக்கென்று அதைத் திருப்பிக் கேட்டால், கைக்கு வந்ததும் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகிவிடும். ஆகவே போக முடியாதவர், "பாஸ்போட் கோம் ஒஃபிசிலை கிடக்குது" என்று சொல்வார். கேட்டவர்களும் பேசாமல் விட்டுவிடுவார்கள். 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பத்திரங்களை மின்வருடி எடுத்துக்கொண்டு, கடவுச்சீட்டை எம்மிடமே தந்துவிடுகிறார்கள். அது இப்போது வீட்டு அலுமாரியில், சாமிப் படத்துக்குக் கீழ்த் தட்டில் கிடக்கிறது. விமான நிலையத்தில் எவரும் மறிக்கப் போவதில்லை. போகாமல் இருப்பது இப்போது எமது சொந்த முடிவாகிவிட்டது. சொந்த முடிவு என்றால் எம்மவர் மத்தியில் அதற்குப் பழியும் உண்டு.

எமக்கு முன் வந்தவர்களுக்கு இந்தத் தெரிவே இருக்கவில்லை. 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாக் கட்டுப்பாடு விதித்தது. பொதுநலவாய நாடுகளில் அப்படி விதிக்கப்பட்ட முதலாவது நாடு எமது நாடு. பின்னர் அகதி அந்தஸ்துக் கிடையாமல் விசேட அனுமதியில் மட்டும் இங்கிருந்தவர்கள், மனைவி பிள்ளைகளை அழைப்பதற்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தாய் தந்தையரின் மரணச் செய்தி கடிதமாக, சில வேளை அந்தியேட்டியும் முடிந்த பிறகே வந்து சேர்ந்தது. ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் கொள்ளி வைக்கவில்லை. அவர்களை எவரும் குறை சொன்னதில்லை, யுத்தம் என்று ஊரே அறிந்திருந்தது. ஒரு விண்ணப்பத்துக்காகப் போகவில்லை என்றால் ஊர் அதைக் காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை. "காகிதம் பெரிசோ, பெத்த தாய் பெரிசோ?" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவர் பெரும்பாலும் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்.

எமது சமய மரபு இதற்கு என்ன சொல்கிறது என்று தேடினால், அது ஒரே குரலில் பேசவில்லை. பட்டினத்தார் முற்றும் துறந்தவர். ஆயினும் தாய் இறந்தபோது வந்து, பச்சை வாழைமட்டை அடுக்கித் தீ மூட்டினார் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டது. ஆதிசங்கரரும் துறவறம் பூண்ட பின்னர் தாயின் இறுதிக் கிரியைக்கு வந்தார் என்றே சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் விட்டவர்களுக்கே விட முடியாத கடன் இது என்றால், இல்லறத்தில் இருக்கும் எமக்கு என்ன சாட்டு இருக்க முடியும்?

ஆனால் இராமன் வரவில்லை. தசரதன் உயிர் பிரிந்தபோது மூத்த மகன் காட்டில். பரதனும் கேகய நாட்டில் இருந்ததால் அவன் வரும்வரை உடலைத் தைலத்தில் இட்டு வைத்தார்கள். கம்பர் காட்டும் கதையில் பரதனுக்கும் அந்த உரிமை மறுக்கப்பட்டு, சத்துருக்கனனே கிரியை செய்கிறான். தந்தையின் மரணத்தை இராமன் சித்திரகூடத்தில், பரதன் வந்து சொல்லித்தான் அறிகிறான். அழுதான், நீராடி நீர்க்கடன் செய்தான். அயோத்திக்குத் திரும்பவில்லை. இதற்காக அவனைக் குறைந்த மகன் என்று எவரும் சொன்னதில்லை.

இந்த உவமையை நாம் அதிகம் நீட்டக்கூடாது. இராமன் காத்தது தந்தையின் வாக்கை, நாம் காப்பது ஓர் அலுவலகத்து இலக்கத்தை. எனினும் அந்த இலக்கத்தின் பின்னால் வேறொரு வாக்கு இருக்கிறது. அக்கினி சாட்சியாகத் தாலி கட்டியபோது கொடுத்தது அது. விண்ணப்பம் அற்றுப்போனால் மாதக்கணக்கில் தனியே இருக்கப் போவது மனைவி. குழந்தை இருந்தால் குழந்தையும். மனைவி அகதியாக வந்தவராயின் அவரது பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது. கணவனோடு கூடப் போய் அங்கு காத்திருக்கவும் அவரால் முடியாது. தாய்க்குள்ள கடனுக்கும் விண்ணப்பக் காகிதத்துக்கும் இடையிலான போட்டி என்று இதைப் பார்ப்பது தவறு. இரண்டு கடன்கள் ஒரே நாளில் வந்து நிற்கின்றன.

தர்ம நூல்களுக்கும் தூரதேசத்து மகனைத் தெரியும். மரணத்தைப் பத்து நாட்களுக்குள் கேள்விப்பட்டவன் மிகுதி நாட்களுக்குத் துடக்குக் காக்க வேண்டும், அதற்குப் பின்னர் கேட்டவனுக்கு இத்தனை நாள் என்றெல்லாம் விதித்திருக்கிறார்கள். உரியவருக்குப் பதிலாக இன்னொருவர் தர்ப்பை வாங்கிக் கிரியை செய்யும் வழக்கமும் உண்டு. வரமுடியாத மகன் ஒருவன் இருப்பான் என்று முன்னோர் அறிந்திருந்தபடியால்தானே இதற்கெல்லாம் விதி எழுதினார்கள்?

தெய்வத்தை விட்டு இனிக் கணக்குக்கு வருவோம், அது எமது தொழிலும் ஆகும். இப்படியான வேளையில் பயம் ஒரு பக்கமும் குற்ற உணர்வு மறுபக்கமும் இழுக்கும். இரண்டுக்கும் எண் தெரியாது. ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்ப்பது நல்லது. விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் பவுணுக்கு மேல், அது பெரும்பாலும் திரும்பி வராது. சுகாதாரக் கட்டணம் 2024 பெப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 1,035 பவுண், இரண்டரை ஆண்டுக்கு 2,587 பவுண் 50 பென்ஸ். முடிவுக்கு முன் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டால் இந்தத் தொகை திரும்பி வரவேண்டும். வாழ்க்கைத்துணையை அழைப்பவருக்கான வருமான எல்லை 2012 ஜூலையில் 18,600 பவுணாக வைக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 11இல் 29,000 ஆக்கப்பட்டது. பழைய தொகையின் கீழ் வழி திறந்திருந்த சிலருக்கு, வெளியே போய்ப் புதிதாக விண்ணப்பித்தால் புதிய தொகை வந்து மறிக்கக்கூடும். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்தாண்டுக் கணக்கும் அறுந்து முதலிலிருந்து தொடங்கலாம். இந்தக் கடைசி இரண்டையும் தகுதியுள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டே அறிய வேண்டும். கடைக்காரரிடமோ, ஆலய வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் எம் போன்றவர்களிடமோ அல்ல.

அந்தத் தாளைப் பார்த்ததும் சிலருக்கு நெஞ்சு இலேசாகும். இழப்பது ஒரு கட்டணமும் சில மாதப் பிரிவும்தான் என்று தெரியவரும். அவர் போகலாம், போகவும் வேண்டும் என்பது எமது எண்ணம். வேறு சிலருக்கு, போனால் இந்தக் குடும்பம் எப்போது ஒன்றுசேரும் என்றே சொல்ல முடியாது என்பது தெரியவரும். மனைவியின் சம்பளம் 29,000க்குக் கீழே நின்றால் அந்தப் பிரிவுக்கு முடிவுத் திகதி இல்லை. அப்படிப்பட்டவர் போகாமல் இருப்பதை நாம் குற்றமாகக் காணவில்லை. இங்குள்ள உயர்ந்த நீதிமன்றமும் இத்தகைய பிரிவின் பாரத்தை அறியாததல்ல. 2008 ஜூனில் பிரபுக்கள் சபை, சிம்பாப்வேயைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவரது கணவர் இங்கு அகதி, அவர்களுக்கு ஒரு சிறு குழந்தை. விசாவுக்கு அங்கிருந்து விண்ணப்பிப்பதற்காக மட்டும் அவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது நியாயமல்ல என்று நீதிபதிகள் கண்டார்கள். தானாக வெளியேறுகிறவருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. ஆயினும் "சும்மா போய்ப் போம் நிரப்பிப்போட்டு வரலாம்தானே" என்று இலேசாகச் சொல்பவர்கள் அதை நினைவில் வைத்திருக்கலாம்.

ஒன்றில் மட்டும் எமக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. போவதானால் தாய் கண் திறந்திருக்கும்போதே போகவேண்டும். எம்மவர் செத்தவீட்டுக்குப் பறந்து போவார்கள், சுகவீனத்துக்குப் போக யோசிப்பார்கள். மருத்துவர் நாள் குறித்துவிட்டார் என்றால் அந்த வாரத்தில் போனவர் தாயின் கையைப் பிடித்திருப்பார். பத்து நாள் பொறுத்துப் போகிறவர் பெட்டியைப் பார்ப்பார். இரண்டுக்கும் இழக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். கொள்ளியைத் தம்பி முறையான ஒருவர் வைக்கலாம். "அம்மா, நான் வந்திட்டன்" என்று சொல்ல வேறொருவரை அனுப்ப முடியாது. ஆகவே பெற்றோர் முதுமையில் இருக்கும் பிள்ளைகள், விசாவில் நாள் மீதமிருக்கையில், விண்ணப்பம் போடுமுன்பே ஒருதரம் போய் வருவது நல்லது. கலியாணப் படங்களைக் காட்டிவிட்டும் வரலாம்.

"சத்தம் போடாமல் போயிட்டு வா, அவங்களுக்குத் தெரியவராது" என்று சிலர் கொடுக்கும் ஆலோசனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விமானத்தில் ஏறுவோர் விபரம் அரசாங்கத்திடம் போகிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அடுத்த விண்ணப்பத்தில் பயண விபரம் கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது? ஒரு பொய்யை எழுதினால், பின்வரும் ஒவ்வொரு பத்திரத்திலும் அதைத் திரும்ப எழுத வேண்டிவரும். தாயின் பெயரால் தொடங்கும் பொய் அது. இந்தத் திருமணம் உண்மையானது என்று நிரூபிப்பதற்கே எமது முன்னையவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள். வாழ்க்கைத்துணையாக வருபவர், இங்கு வருவதே திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று காட்டவேண்டும் என்ற விதி 1997 ஜூனில்தான் நீக்கப்பட்டது. அந்தச் சந்தேகத்துக்கு நாமே எண்ணெய் ஊற்றக்கூடாது.

முடிவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டும். மனைவி "போகாதையுங்கோ" என்று சொன்னதால் போகவில்லை என்று பிறகு சொல்லித் திரிவதும், "போங்கோ" என்று சொல்லிவிட்டுப் பத்து வருடம் அதைச் சுட்டிக்காட்டுவதும் இரண்டும் குடும்பத்தை அரிக்கும். ஊரில் உள்ள தாய்க்கும் உண்மை தெரியவேண்டும். "லீவு கிடைக்கேல்லை" என்று சொல்லி வைப்பதைவிட, உள்ளதைச் சொன்னால் பெரும்பாலான தாய்மார் விளங்கிக்கொள்வார்கள். "என்ரை பிள்ளை அங்கை குடும்பமா இருக்கட்டும்" என்று அவர்கள் வாயாலே சொல்வதைக் கேட்கும் வாய்ப்பாவது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இனி உறவினர், அயலவர், ஆலயத்தில் கூடும் நாம் செய்யவேண்டியது. இப்போதெல்லாம் ஊரில் நடக்கும் கிரியையைக் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு சிறு அறையில், அதிகாலை நாலு மணிக்கு, ஒருவர் அந்தச் சிறிய திரையில் தன் தாய்க்குச் சுண்ணம் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கு வாய்க்கரிசி போடும் நேரத்தில் இங்கு அவர் கையில் ஒன்றும் இருக்காது. அந்த வீடும் செத்தவீடுதான். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறும் ஒரு கறியும் கொண்டுபோக வேண்டும். எட்டு, அந்தியேட்டி நாட்களை ஐயரிடம் கேட்டு இங்கும் முறையாகச் செய்ய உதவ வேண்டும். அலுவலகத்துக்கு லீவு கேட்டுக் கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்கத் தேவையில்லை, அவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சித்திரைப் பௌர்ணமியன்று தாயை இழந்தவர்கள் ஆலயத்துக்கு வருவார்கள். கிரியைக்குப் பெயர் கொடுக்கும்போது தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் ஐயர் கேட்பார்.