ஆணி மாறிய படகு

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனில், சியூ என்னும் சீனக் குலத்தாரின் துறையில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகளின் அடியில் நீர் வற்றும்போது படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆணித் தலைகளிலிருந்து செந்நிறத் துரு வழிந்திருக்கும்.

உப்புநீர் இரும்பைத் தின்றுவிடும். திரங்கானு மாநிலத் தச்சர்கள் செங்கால் என்னும் கடினமரப் பலகைகளை மர முளைகளால் இணைத்து, இடுக்கில் கெலாம் மரப்பட்டையை வைத்தார்கள். ஈரம் பட்டால் அது உப்பி நீரை அடைக்கும். தமிழகக் கட்டுமரத்துக்கோ கயிறே போதும்.

ஒரு படகின் பலகையும் ஆணியும் ஒவ்வொன்றாக மாறியபின், அது பழைய படகுதானா?

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலை வைத்துத் தத்துவவாதிகள் இப்படி வாதிட்டதைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார். பாலி மொழி நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரமோ அச்சோ தேரல்ல, அவை சேர்ந்திருப்பதற்கு இட்ட பெயரே தேர் என்கிறார். கூர்மையான பதில்தான். ஆனால் பலகை மாற்றும் மீனவர், பெயருக்காகவா அந்தப் படகை விடாமல் செப்பனிடுகிறார்? அவர் கைக்குப் பழகிய துடுப்புப் பிடி நாகசேனரின் கணக்கில் எங்கே வரும்?

சீனப் புத்தாண்டின் 8ஆம் நாள் இரவு, இதே சியூ துறையில் தாவோ கடவுளான ஜேட் பேரரசருக்குக் கரும்பு வைத்துப் படைக்கிறார்கள். பல வீடுகளின் மரக்கால்கள் கான்கிரீட்டாகிவிட்டன. படையல் மேசை அவற்றின் மேல்தான் நிற்கிறது.