ஒன்பதாம் இடம்

குரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் வீடு. சீடன் அவரிடம் படித்தவன். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், மின்னணுப் பலகைகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. உபதேசம் கேட்கவேண்டும் என்று அவன் வரவில்லை. பணம் கட்டலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் வந்தான்.

சீடன்: சார், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிலரங்கு. 'உன்னை நீயே வழிநடத்து' என்று பெயர். பன்னிரண்டாயிரம் ரூபாய். சேரலாமா?

குரு: எதற்கு?

சீடன்: எனக்குத் தன்னம்பிக்கை இல்லை சார். லைன் இன்சார்ஜ் வேலைக்கு என்னைக் கேட்கிறார்கள். முப்பது பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தால் அவர் எதிரில் நின்று இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. முதலில் நம்பிக்கை வரட்டும், அப்புறம் ஒப்புக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

குரு: முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் உன் கையில் என்ன கொடுத்தேன்?

சீடன்: எம்.எஸ். தகடு. அரத்தால் ராவி நாலு பக்கமும் சதுரமாக்கச் சொன்னீர்கள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

குரு: அன்றைக்கு நம்பிக்கை இருந்ததா?

சீடன்: எங்கே சார்! பக்கத்து வைஸில் இருந்தவன் மடமடவென்று ராவிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க என் கை இன்னும் நடுங்கியது.

குரு: பயம் எப்போது போயிற்று?

சீடன்: மூலைமட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். இடுக்கில் வெளிச்சம் கசியவில்லை. அப்போதுதான்.

குரு: அப்படியென்றால் நம்பிக்கை ராவுவதற்கு முன்னால் வந்ததா, ராவிய பிறகா?

சீடன்: ராவிய பிறகு. ஆனால் தகடு வேறு, மனுஷன் வேறு சார். தகட்டைக் கெடுத்தால் இன்னொன்று கொடுப்பீர்கள். முப்பது பேர் முன்னால் தடுமாறினால் மானம் போய்விடும். போன மானத்துக்கு வேறு தகடு கிடையாது.

குரு: நல்ல மறுப்பு. சரி, நம் பக்கத்து ஊர்க் கதைக்கு வருவோம். குரோம்பேட்டை.

சீடன்: எம்.ஐ.டி.யா? கலாம் கதைதானே? அவர் படம் இல்லாத பயிலரங்கே கிடையாது சார்.

குரு: படத்தை மாட்டுகிறார்கள். கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். சி. ராஜம் 1949இல் தொடங்கிய கல்லூரி அது. சில ஆண்டு கழித்து ராமேஸ்வரத்துப் பையன் அங்கே விமானப் பொறியியல் படிக்க வருகிறார். நாலு சக மாணவர்களோடு சேர்ந்து, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை. பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்க்கிறார், வேலை படுமோசம் என்கிறார். பையன் என்ன செய்தார்?

சீடன்: 'முடித்துக் காட்டுகிறேன்' என்று சவால் விட்டாரா?

குரு: ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். வெள்ளிக்கிழமை சொல்கிறார், திங்கள் காலை வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும். அன்றிரவு சாப்பிடாமல் வரைபலகை முன் உட்கார்ந்தார் என்று 'அக்கினிச் சிறகுகள்' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஞாயிறு காலை பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தபோது வேலை முடியும் நிலையில் இருந்தது. ஒரு மாதம் கேட்டவருக்குத் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்?

சீடன்: மூன்று நாளில் முடியும் என்று அவரும் நினைக்கவில்லை.

குரு: நினைக்காமலே உட்கார்ந்தார். ஏன்?

சீடன்: உதவித்தொகை போய்விடும் என்ற பயம்.

குரு: அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்க வேண்டும் என்று தம்பி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

சீடன்: அப்படியானால் சார், அது தன்னம்பிக்கையே இல்லையே. அக்கா வைத்த நம்பிக்கை. 'தன்' என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது?

குரு: தெருவில் புதிதாகக் குடிவந்தவனுக்கு மளிகைக் கடை அண்ணாச்சி கடன் கொடுப்பாரா?

சீடன்: தெரிந்தவர் யாராவது சொன்னால் கொடுப்பார்.

குரு: அடுத்த மாதம்?

சீடன்: போன மாதம் ஒழுங்காகக் கட்டினானா என்று நோட்டைப் பார்ப்பார்.

குரு: அவ்வளவுதான். முதல் கடன் இன்னொருவர் வாக்கில் கிடைக்கும். அக்காவோ, வாத்தியாரோ, யாரோ. இரண்டாவது மாதத்திலிருந்து நீ கட்டியதுதான் பேசும். உனக்குள்ளும் ஓர் அண்ணாச்சி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஜனவரி ஒன்றாம் தேதி என்ன வாக்குக் கொடுத்தாய்?

சீடன்: காலை ஐந்து மணிக்கு எழுந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் படிப்பதாக.

குரு: எத்தனை நாள்?

சீடன்: பொங்கல் வரை கூடப் போகவில்லை சார்.

குரு: அதற்கு முந்தின வருடம் உடற்பயிற்சி. அதற்கு முன்னால் எம்.பி.ஏ. தபால் படிப்பு. நோட்டு முழுக்க நிலுவை. இப்போது போய் 'என்னை நம்பு' என்றால் அவர் எப்படி நம்புவார்? உனக்கு நம்பிக்கை வராதது நோய் என்று நினைக்கிறாய். அது சரியான கணக்கு, தம்பி.

சீடன்: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

குரு: கஷ்டம்தான். ஆனால் நோய் என்றால் வைத்தியரைத் தேடிப் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும். நிலுவை என்றால் சின்னச் சின்னதாகக் கட்டித் தீர்க்கலாம்.

(பயிலரங்குகளை குரு கொஞ்சம் அதிகமாகவே மட்டம் தட்டுகிறார் என்பது என் எண்ணம். வீட்டிலும் வேலையிலும் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத ஒருவனுக்கு, ஏ.சி. அரங்கில் நூறு பேர் தட்டும் கையே அந்த முதல் கடனாக இருந்துவிடலாம். ஆனால் மூன்றாம் நாள் திங்கட்கிழமை என்பதை அவர் மறக்கவில்லை. பயிலரங்கு நடத்துகிறவர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.)

சீடன்: எனக்கு ஒரு சந்தேகம். என்னை நானே வழிநடத்த வேண்டும் என்கிறார்கள். நடத்துகிறவனும் நான், நடக்கிறவனும் நான். ஒரே ஆள் எப்படி சார் முன்னாலும் பின்னாலும் போவான்?

குரு: ராத்திரி அலாரம் வைப்பது யார்?

சீடன்: நான்.

குரு: காலையில் அதை அணைப்பது?

சீடன்: அதுவும் நான்தான்.

குரு: ஒரே ஆள் என்றால் வைத்தவனே ஏன் அணைக்கிறான்? பெயர் ஒன்று, ஆள் இரண்டு. வைக்கிறவன் அதிகாரி, அணைக்கிறவன் தொழிலாளி. உங்கள் லைனில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தால் சால்டரிங் எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்?

சீடன்: முதலில் நான் செய்து காட்டுவேன். பத்துப் பலகை கொடுத்துப் பக்கத்திலேயே நிற்பேன். எந்த மூட்டு சரியில்லை என்று லென்ஸில் காட்டுவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன்.

குரு: 'தன்னம்பிக்கையோடு செய்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகமாட்டாயா?

சீடன்: போனால் அன்றைக்கு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகும்.

குரு: பத்தில் மூன்று கெட்டுப்போனால் 'நீ உருப்பட மாட்டாய்' என்று திட்டுவாயா?

சீடன்: சேச்சே. அடுத்த நாளே நின்றுவிடும்.

குரு: முன்பின் தெரியாத பெண்ணிடம் இவ்வளவு நல்ல மேற்பார்வையாளனாக இருக்கிறாய். உனக்குள் இருக்கும் தொழிலாளிக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை? அவனுக்கு நீ கொடுக்கிற உத்தரவு, 'நாளையிலிருந்து ஆளே மாற வேண்டும்'. அளவு கிடையாது, வரைபடம் கிடையாது, பக்கத்தில் நிற்பதும் கிடையாது. கெட்டுப்போனால் வசவு மட்டும் உண்டு. அவன் அலாரத்தை அணைக்காமல் என்ன செய்வான்?

சீடன் சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த கேள்வி வந்தது. அது முதலிலிருந்தே உள்ளே கிடந்த கேள்வி என்று தோன்றுகிறது.

சீடன்: வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்றே வையுங்கள் சார். எனக்குப் பின்னால் சேர்ந்த நண்பன் ஒருவன், கான்வென்ட் படிப்பு, சரளமாகப் பேசுவான். வேலை சுமார்தான். போன வருடமே இன்சார்ஜ் ஆகிவிட்டான். நோட்டை யார் சார் பார்க்கிறார்கள்?

குரு: கலாம் கதையில் விட்டுப்போகும் பாதி அதுதான். படிப்பு முடிந்ததும் விமானப்படையில் சேர ஆசைப்பட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். எடுப்பது எட்டுப் பேரை. அவர் ஒன்பதாவது. அந்தத் தேர்வில் அறிவைவிட ஆளுமைக்குத்தான் அதிகம் மதிப்புக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சீடன்: ஆளுமையிலா? கலாமா?

குரு: ஆமாம். இன்றைக்கு ஆளுமை வளர்ச்சி என்று எங்கே போர்டு மாட்டினாலும் அதில் அவர் முகம் இருக்கிறது. அந்த மனிதரை ஆளுமைக்கு மதிப்பெண் போட்டவர்கள் ஒன்பதாம் இடத்தில் நிறுத்தினார்கள். அதே விமானப்படையின் நிலையம் இதோ தாம்பரத்தில். விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி அதில்தான் இருக்கிறது. அந்த வாசல் அவருக்குத் திறக்கவில்லை. உடைந்துபோய் ரிஷிகேஷ் போனார், சுவாமி சிவானந்தரைச் சந்தித்தார். திரும்பி வந்து டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில், 1958இல், 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

சீடன்: கடைசியில் ஜனாதிபதி ஆனாரே சார்.

குரு: அந்த 'கடைசியில்'தான் ஆபத்து. 25 பேரில் ஒன்பதாவதாக வந்தவர்கள் எல்லாரும் ஜனாதிபதி ஆவதில்லை. உன் நண்பன் முந்தியது நியாயமா என்று கேட்டால், இல்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. பேச்சும் தோரணையும் எடுத்த எடுப்பில் கண்ணில் படும். நோட்டைப் புரட்ட நேரமாகும். சில இடங்களில் புரட்டவே மாட்டார்கள். ஆனால் கவனி, டேராடூனில் தோற்றவர் 'எனக்கு விமானம் தெரியாது' என்று முடிவு கட்டவில்லை. அவர்கள் அளந்தது ஒன்று, அவர் கையில் இருந்தது இன்னொன்று. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. நீ குழப்பிக்கொள்கிறாய். இங்கிலீஷ் வராது என்பதை லைன் தெரியாது என்பதாக மாற்றிவிடுகிறாய். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வது பற்றி எழுதி முதல் பரிசு வாங்கியவர் அவர். தமிழில் எழுதினார். பரிசு கொடுத்தவர் தேவன்.

சீடன்: எழுத்தாளர் தேவனா? ஆனந்த விகடன் தேவன்?

குரு: அவரேதான். அதற்காக இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு கருவி. வெர்னியர் பிடிக்கப் பழகியதுபோலப் பழகு. உன் மதிப்பை அதை வைத்து அளக்காதே.

சீடன்: சரி. ஆனால் என் நண்பனும் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நம்புகிறான். நாளைக்கு எனக்கும் நம்பிக்கை வந்தால், அது உண்மையா வெறும் பந்தாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குரு: இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் பல்லாவரம் போவோம். 1863 மே 30. செம்மண் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். 28 வயது. எத்தனையோ பேர் அந்தக் குழியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்களுக்கு அது கல். அவருக்கு அது மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி ஒன்று இனம் காணப்பட்டது அதுவே முதல்முறை. எந்தத் தைரியத்தில் சொன்னார்?

சீடன்: படித்திருப்பார்.

குரு: ஃபிரான்சிலும் இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட கற்கள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரியும். இந்த மண்ணின் அடுக்குகளும் தெரியும். அது முதல் பாதி. அடுத்து என்ன செய்தார் என்பதுதான் உன் கேள்விக்குப் பதில். அந்த ஒரு கல்லோடு நிற்கவில்லை. சில மாதங்களில் வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு அத்திரம்பாக்கம் போனார், அங்கேயும் கருவிகள் கிடைத்தன. எழுதி வெளியிட்டார், தப்பென்றால் யாரும் காட்டலாம். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, அங்குள்ள கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள்.

சீடன்: அதாவது, தெரிந்தவன் சோதித்துப் பார்க்கச் சொல்வான்.

குரு: ட்ரை ஸ்கொயரைக் கேட்டு வாங்குவான். பந்தாக்காரன் ஜன்னல் பக்கமே போகமாட்டான். உன் நண்பனைப் பற்றி இதற்குமேல் எனக்குத் தெரியாது, விட்டுவிடு. ஆடிட் எப்போது?

சீடன்: அடுத்த வியாழக்கிழமை.

குரு: அதில் எத்தனை கேள்விக்கு உனக்குப் பதில் தெரியும்? இங்கிலீஷை விடு, தமிழில் தெரியுமா?

சீடன்: பெரும்பாலும் தெரியும். சால்டரிங் இயந்திரத்தின் வெப்பநிலைப் பதிவேடு மட்டும் சரியாகப் புரியாது. கேட்டால் முழிப்பேன். யாரிடமும் கேட்கவும் இல்லை. லைனில் ஏழு வருடம் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே.

குரு: பயமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இங்கிலீஷின் மேல் பழியைப் போட்டிருக்கிறாய். நாளைக்கு மெயின்டனன்ஸ் ஆளிடம் போய், 'எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடுங்கள்' என்று கேள். ஐந்து மணி அலாரம் எல்லாம் வேண்டாம். இந்த ஒரு வாக்கு மட்டும். சனிக்கிழமை அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு வா. முதலில் தமிழில் சொல்லு, பிறகு இங்கிலீஷில். நான்தான் ஆடிட்டர்.

சீடன்: சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் சார்.

குரு: அப்படியானால் ஞாயிறு. பத்து மணிக்குள் வா. அதற்கு மேல் நான் மார்க்கெட் போய்விடுவேன்.

சீடன்: பன்னிரண்டாயிரம்?

குரு: அது உன் பணம். கட்டுவதாக இருந்தால், மூன்று மாதம் கழித்து எதை வைத்து என்னை அளப்பீர்கள் என்று அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுக் கட்டு.