அடுக்களையில் எடுத்த முடிவு

பெர்ன்ஹில்லில் நாம் அறிந்த பெரியவர் ஒருவருக்கு எழுபது வயதை நெருங்கும்போது இரத்தப் புற்றுநோய் கண்டது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். பிள்ளைகள் ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசினர். வீட்டை விற்றாவது செய்வோம் என்றார் மூத்தவர். இந்த வயதில் எதற்கு என்றார் இளையவர். பேச்செல்லாம் அடுக்களையில், தாழ்ந்த குரலில் நடந்தது. முன்னறையில் கணப்பருகே அமர்ந்திருந்த தந்தையிடம், இரத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லியிருந்தனர்.

இச்சிகிச்சை எளிதன்று. நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் ஒடுக்கி, பிறர் தரும் மூல உயிரணுக்களைச் செலுத்துகின்றனர். அவை வேரூன்றும்வரை சிறு தொற்றும் உயிரைப் பறிக்கலாம். வேரூன்றிய பின்னரும், வந்த அணுக்கள் இடம் தந்த உடலையே பகைத்துத் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. எனவே முதியோருக்கு இதனை நெடுங்காலம் மறுத்தே வந்தனர். 1990களின் பிற்பகுதியில் மருந்தின் கடுமையைக் குறைக்கும் முறை வந்தபின், அறுபதைக் கடந்தோர்க்கும் வாயில் திறந்தது. இன்று பெற்ற பிள்ளையின் பாதிப் பொருத்தமே போதும் என்னும் நிலையும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. ஆயினும் பல இலட்சம் ரூபாய் செலவாகும். குளிரிலேயே வாழ்ந்த மலைவாசி, மருத்துவமனையருகே ஏறத்தாழ நூறு நாட்கள் வெயிலில் தங்கவும் வேண்டும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

திருச்சபையும் சேர்க்கச் சொல்கிறது. தமக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாத வழிகளைக் கையாள்வதே கடமை என்று 1957இல் மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், ஆபத்துள்ள புதிய சிகிச்சையை நோயாளி ஏற்கலாம் என்றது. குடும்பத்தின் செலவை எண்ணி அதனை மறுப்பது தற்கொலைக்கு ஒப்பாகாது என்றும் தெளிவுபடுத்தியது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலோ, நோயாளி ஆற்றலுடையவராயின் முடிவு அவருடையதே என்கிறது.

இருவகை முடிவையும் அண்மைக்காலத்தில் கண்டோம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 71 வயதில் இச்சிகிச்சையை ஏற்று, 2004 டிசம்பரில் மறைந்தார். எப்படியும் வாழ்ந்துவிட வேண்டும் என்பதே அவருடைய உறுதி. மூன்று மாதம் கடந்ததும், புனித இரண்டாம் அருள் சின்னப்பர் மருத்துவமனைக்குத் திரும்பாமல் தம் அறையிலேயே கண்மூடினார். அவருடைய நோய் வேறு. எனினும் முடிவெடுத்தவர் அவரே. சோன்டாக்கும் அவ்வாறே.

நம் வீடுகளில் மறைப்பது அன்பினால்தான், மறுக்கவில்லை. அறிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று அஞ்சுகிறோம். அறிய விரும்பாத முதியோரும் உளர். விரும்பவில்லை என்பதையும் அவர்தாமே சொல்ல வேண்டும்? 'எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏன் சுமை' என்று அவர் சொல்லும்போதோ, அது அவர் நெஞ்சின் சொல்லா, நம் முகத்தைப் படித்துச் சொன்னதா என்று பார்க்கவும் வேண்டும். வீட்டை விற்கத் துணிவதிலும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சும் அச்சம் சிறிது கலந்திருக்கலாம்.

இறுதியில் மகள்தான் சொன்னார். பெரியவர் வியப்படையவில்லை. 'மஜ்ஜை கொடுப்பது யார்?' என்றார். 'நான்தான் அப்பா.' 'உனக்கு ஊறு வருமா?' நிலைத்த தீங்கு பெரும்பாலும் வராது என்று மருத்துவர் கூறியதைத் தெரிவித்தார். பெரியவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பங்குத்தந்தையை அழைத்து நோயில்பூசுதல் பெற்றார். மூன்றாம் நாள், 'போய்ப் பார்ப்போம்' என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காட்பாடிக்கு இரயிலில் இடம் பதிவு செய்தவர் இளைய மகன்.