கொல்லைக் கோழியும் நம் கைக் கத்தியும்

கம்பத்து வீடுகளில் வசிக்கும் நம்மவர்களில் சிலர் இன்றும் கொல்லையில் நாலைந்து கோழிகள் வளர்த்து வருகிறார்கள். பெருநாளுக்கோ, மருமகன் விருந்துக்கு வரும்போதோ, ஒன்றைப் பிடித்துத் தம் கையாலேயே அறுக்கிறார்கள். பசாரில் வாங்குவதைவிட இது சந்தேகமற்றது என்பது அவர்கள் எண்ணம். அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஒன்று கேட்க விரும்புகிறோம். இறைச்சி ஹலாலாகி விட்டால் அறுத்தவரின் பொறுப்பும் அத்துடன் தீர்ந்து விடுமா?

தீராது என்பதே நம் துணிபு. இறைச்சி ஆகுமானதா என்பது ஒரு கணக்கு. அந்த ஜீவனை எப்படி நடத்தினோம் என்பது வேறு கணக்கு. முந்தியதை நம்மவர் நன்றாக அறிவார்கள். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அறுபட வேண்டுமென்று ஷாபிஈகளும், கழுத்தின் நான்கு குழல்களில் மூன்றாவது அறுபட வேண்டுமென்று ஹனபீகளும் சொல்வார்கள். பிந்திய கணக்கைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீது நம் ஆலிம்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வதுதான். எல்லாக் காரியத்திலும் அழகிய முறையை அல்லாஹுத்தஆலா விதியாக்கியிருக்கிறான் என்று சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது உயிரை வாங்கும் வேளையைத்தான். கத்தியைத் தீட்டச் சொன்னார்கள். பிராணிக்கு இலகு கொடுக்கச் சொன்னார்கள். கொல்லுகிறவனுக்குக் கருணை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நாம் கேட்கிறோம்: வேறு எங்கே அது கருணையாகும்? விருந்தாளியை உபசரித்தால் அவர் ஊர் போய்ப் புகழ்வார். பிச்சைக்காரர் துஆச் செய்வார். கோழி யாரிடம் போய்ச் சொல்லும்? பிஸ்மி சொல்வதே, இந்த உயிர் என்னுடையதல்ல, உரியவன் அனுமதித்ததால் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதாகும். அனுமதி பெற்றவன் அதன் நிபந்தனைகளையும் பேண வேண்டாமா?

அறுப்புக் கூடத்திலாவது மேற்பார்வை செய்ய ஆள் உண்டு, சான்றிதழ் உண்டு. கொல்லையில் நம்மைப் பார்க்க ஒருவருமில்லை. சந்தேகமற்றது என்று நாம் பெருமைப்படும் அறுப்புதான் கண்காணிப்பே இல்லாத அறுப்பு.

நடப்பது என்ன? காலையிலேயே கோழியைத் துரத்தி, அது களைத்து விழும்போது பிடிக்கிறோம். காலைக் கட்டி மதியம் வரை வெயிலில் போட்டு விடுகிறோம். சிறுவர்கள் ஒரு கோழியைக் கட்டி வைத்து அம்பெய்ததைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், பிராணிகளைக் கட்டி வைத்துக் கொல்வதை நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதாக புகாரியில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அம்பெய்வதில்லை என்பது உண்மைதான். கட்டிப் போட்ட கோழியைக் காலால் தள்ளிப் பார்க்கிறார்கள்.

இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கூட்டில் அடைந்தபின் எடுத்தால் துரத்தலே வேண்டாம். தலைகீழாகத் தூக்குவது பெரிய கொடுமை. நமக்கிருப்பதுபோல் வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் திரை அதற்கில்லை. குடலும் ஈரலும் சரிந்து மூச்சு முட்டும். இரு சிறகுகளையும் சேர்த்து மார்போடு அணைத்துப் பிடித்தால் தானே அடங்கும். கத்தியை முதல் நாளே தீட்டி வைக்க வேண்டும். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்முன் கத்தி தீட்டியவரை, அதை இரு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்ற பொருள்பட நாயகம் (ஸல்) கண்டித்ததாகவும் ஹதீது உண்டு. அறுக்குமுன் தண்ணீர் காட்டுவதை ஷாபிஈ சட்ட நூல்கள் விரும்பத்தக்கதாகச் சொல்கின்றன.

அறுத்த பின் பொறுமையின்மைதான் நம் பெரிய வியாதி. துடிப்பு அடங்குமுன் வெந்நீரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளி காத்திருக்கிறார் என்பார்கள். காத்திருக்கட்டும்! முழுவதும் அசைவற்றுப் போனபின்தான் வெந்நீரும் சிறகு பிடுங்கலும்.

கை நடுங்குகிறவர் கத்தியை எடுக்கலாகாது. பழகியவரை அழைப்பது இழிவல்ல. ஆண்பிள்ளை வரட்டும் என்று கோழியைக் கட்டி வைத்துக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல்: கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடு சாகக் கிடந்தபோது, அதை மேய்த்த அடிமைப்பெண் ஒரு கல்லை உடைத்து அதன் கூரால் அறுத்தாள், அதை உண்ண நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள். பழகிய கையுள்ள பெண் அறுப்பதே அந்தக் கோழிக்கும் நல்லது.

2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூரிலும் இங்கும் நம்மவர் பேசியதெல்லாம் விலையைப் பற்றியே. பேசியதில் தவறில்லை, குடும்பம் நடத்துகிறவர்கள் நாம்.

பெருநாளுக்கு முந்திய நாள் ஐந்தாறு கோழிகள் அறுக்க இருப்பவர்கள், அவற்றை ஒன்றாகக் கட்டி அறுக்கும் இடத்தில் குவிக்க வேண்டாம். ஒவ்வொன்றாக எடுத்து வரட்டும். முந்தியதன் இரத்தத்தை நீர் ஊற்றிக் கழுவிவிட்டு அடுத்ததை எடுக்கட்டும்.