தாய்மொழி நாடு

சீனாவில் மொழி கற்பிக்கப் போகும் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி விதியில் ஒரு சொல் வருகிறது: 'மூயூ குவோ'. சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'தாய்மொழி நாடு'. 2017-இல் நாடு முழுவதற்கும் ஒரே முறையாக்கப்பட்ட அந்த விதிப்படி, மொழி ஆசிரியர் பொதுவாகத் தன் தாய்மொழி நாட்டின் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும். அதற்கு மேல் பட்டம், இரண்டாண்டு அனுபவம் அல்லது அதற்கு ஈடான சான்றிதழ். நடைமுறையில் ஆங்கிலத்துக்கு ஏழு நாடுகளைத்தான் எண்ணுகிறார்கள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. மலேசியா அதில் இல்லை.

இது எனக்குத் தெரிய வந்தது என்னோடு பொறியியல் படித்த ஒரு நண்பன் வழியாக. பாசிர் கூடாங்கில் வளர்ந்தவர்களுக்கு வெளியே போய்ச் சம்பாதிப்பது புதிய செய்தி அல்ல. இங்கே தொழிற்சாலையில் வெல்டிங் அடிக்கும் அதே கைக்கு, நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் சம்பளம் வேறு. வேலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். அப்படிப் பழகிய ஊரிலிருந்து சீனா போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. விண்ணப்பத்தைப் பார்த்த ஏஜெண்ட் சொன்னது இதுதான்: "மதர் டங்னு இருக்கற இடத்துல தமிழ்னு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ்னு மாத்திடுங்க. அப்பதான் ஸ்கூல்ல பேசிப் பார்க்க முடியும்."

நண்பன் என்னிடம் கேட்டான்: "பொய்தான்டா. ஆனா இதுல யாருக்கு நஷ்டம்?"

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலில், விதியே உண்மையானதா? தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மக்கள்தொகையில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் அது ஆங்கிலத்தின் தாய்மொழி நாடு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் காலத்தில்தான் நம்மவர்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். டர்பன் போனவர்களின் கொள்ளுப்பேரன் இன்று சீனாவில் ஆங்கில ஆசிரியராகலாம். பினாங்கில் இறங்கியவர்களின் கொள்ளுப்பேரன் ஆக முடியாது. கொள்ளுத்தாத்தா ஏறிய கப்பல்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு. டர்பன் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் இன்று பேசுவது ஆங்கிலம். தமிழ் பல குடும்பங்களில் பெயரோடும் கோயிலோடும் நின்றுவிட்டது. நம்மிடமோ 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இயங்குகின்றன. அந்தப் படிவத்தின் கண்ணில் மொழியை இழந்தது ஒரு தகுதி, வைத்திருப்பது ஒரு குறை.

சரி, தாய்மொழிக்காரர்தான் நல்ல ஆசிரியர் என்றாவது நிரூபணம் இருக்கிறதா? ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் எழுதிய நூலில் இந்த நம்பிக்கையை உகாண்டாவின் மக்கரேரேயில் 1961-இல் நடந்த காமன்வெல்த் மாநாடு வரை பின்தொடர்ந்து, இதை ஒரு பிழைநம்பிக்கை என்றே சொல்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999-இல் ஒரு கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தப் பிரிவினையின் வேர் மொழியியலில் இல்லை, அரசியலிலும் பொருளாதாரத்திலும் இருக்கிறது என்றார். ஒரு மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றவனுக்குத்தான் மாணவன் எங்கே தடுமாறுவான் என்று தெரியும். இது நமக்கே அனுபவம்.

ஆக, விதி நியாயமற்றது. அநியாயமான விதியிடம் பொய் சொன்னால் என்ன? சீனப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கிறார். நண்பனின் பிடிபிடிஎன் கடன் அடைகிறது. உண்மையில் யாருக்கு நஷ்டம்?

நான் பல நாள் இதை யோசித்தேன். என் கணக்கு இப்படிப் போகிறது. நண்பன் 'ஆங்கிலம்' என்று எழுதிப் போய்ச் சேர்கிறான். நன்றாகக் கற்பிக்கிறான். வருடக் கடைசியில் பிள்ளை சரளமாகப் பேசுகிறது. பெற்றோர் என்ன சொல்வார்கள்? "தாய்மொழிக்காரர் சொல்லிக்கொடுத்தார், அதனால்தான்" என்பார்கள். அவன் திறமை அவன் கணக்கில் ஏறாது, அந்த ஏழு நாடுகளின் கணக்கில் ஏறும். அடுத்து ஒரு மலேசியனோ பிலிப்பினோவோ 'தமிழ்', 'தகாலோக்' என்று உண்மையாக எழுதி விண்ணப்பித்தால், அவனைத் தள்ளிவிட நண்பனின் வெற்றியே சான்றாக நிற்கும். விதியை ஏமாற்றினேன் என்று அவன் நினைப்பான். விதிக்கு உழைத்துக் கொடுத்திருப்பான்.

நஷ்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. மொழிக்கு ஒரு சொந்த நாடு உண்டு, அங்கே பிறந்தவனுக்கே முழு உரிமை என்ற எண்ணம் சீன அதிகாரியிடம் மட்டும்தானா இருக்கிறது? 2011-இல் நம் கல்வி அமைச்சே தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வெளிநாட்டுத் தாய்மொழிக்காரர்களை வரவழைத்தது. அதுகூடப் போகட்டும், ஆங்கிலம். தமிழுக்கு வருவோம். பட்டிமன்றத்துக்குத் தமிழகப் பேச்சாளர் வந்தால்தான் மண்டபம் நிறைகிறது. மலேசிய நாவல் ஒன்றைக் கொடுத்தால், "தமிழ்நாட்டுல யாராச்சும் இதப் பத்தி எழுதியிருக்காங்களா?" என்று கேட்கும் வாசகர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் 'பசியாறியாச்சா' என்றால் அது வட்டார வழக்கு. சென்னைப் பேச்சு படத்தில் வந்தால் அது தமிழ். நம் மொழிக்கும் நாமே ஒரு தாய்மொழி நாட்டை நியமித்துவிட்டு, இங்கே வாடகைக்குக் குடியிருக்கிறோம்.

அதனால் அந்தக் கட்டத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதும்போது, தமிழ் அன்னையைக் காட்டிக்கொடுத்தோம் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. மூன்று தலைமுறையாக வீட்டில் ஆங்கிலமே பேசும் தமிழ்க் குடும்பங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. அவர்கள் அப்படி எழுதினால் அது பொய்யே இல்லை. ஆனாலும் அவர்களுடைய கடப்பிதழும் செல்லாது. நண்பன் எழுதினால் அது வேறு. மொழி கற்றவனுடையது அல்ல, நாட்டுடையது என்று அவன் ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அதை ஒப்புக்கொண்டவன் நாளை தன் தமிழுக்கும் இங்கே உரிமை கேட்க முடியாது.

இதையெல்லாம் சொல்வது எனக்குச் சுலபம். அவன் கடன் தவணையை நான் கட்டவில்லை. பொய் எழுதிப் போகிறவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. கதவை அப்படிச் செய்து வைத்தவர்களின் பொறுப்புத்தான் பெரிது. ஆனால் கேட்டால் 'தமிழ்' என்றே எழுது என்பேன். அதன் கீழே உன் ஆங்கிலத்தைக் காட்டு, வகுப்பெடுத்துக் காட்டு என்பேன். வேலை கிடைக்காமல் போகலாம். அப்போது நஷ்டம் யாருக்கு என்பதாவது எல்லோருக்கும் தெரியும்.

அவன் இப்போது அனைத்துலகப் பள்ளிகளுக்கு இயற்பியல் ஆசிரியராக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறான். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும். அதற்குத் தாய்மொழி நாடு தேவையில்லையாம்.